ஜெனிஃபர் ஜோன்ஸும் டேவிட் செல்ஸ்னிக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெனிஃபர் ஜோன்ஸ் யார்?

1940-களிலும் 50-களிலும் ஹாலிவுட்டில் முன்னணியில் இருந்த நடிகை. 1919 மார்ச் 2 அன்று ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் பிறந்தவர். இயற்பெயர் ஃபிலிஸ் லீ ஐஸ்லி. ஐந்து முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டு, ஒருமுறை சிறந்த நடிகை விருதை வென்றார். 2009 டிசம்பரில், 90 வயதில், கலிஃபோர்னியாவின் மலிபுவில் காலமானார். இருபத்து நான்கு ஆண்டுகள், அதாவது 1941 முதல் 1965 வரை, அவருடைய தொழில் வாழ்க்கையின் கடிவாளம் தயாரிப்பாளர் டேவிட் ஓ. செல்ஸ்னிக்கின் கையில் இருந்தது. இந்தப் பக்கத்துக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை அந்த 24 ஆண்டுகளைப் பற்றியவைதான்.

செல்ஸ்னிக் அவ்வளவு பெரிய ஆளா?

ஆமாம். 1939-ல் 'கான் வித் த விண்ட்', 1940-ல் 'ரெபெக்கா' என்று அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளிலும் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கியவர். எம்ஜிஎம் நிறுவனத்தை ஆண்ட லூயி பி. மேயரின் மருமகன். ஆனால் அவர் பெரிய ஸ்டுடியோ முதலாளி அல்ல, தனித் தயாரிப்பாளர். பெரிய ஸ்டுடியோக்கள் வாரம் ஒரு படம் வெளியிட்டுக்கொண்டிருந்தபோது, இவரிடமிருந்து ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு படம் வந்தால் அதிகம். ஆகவே அவருடைய சொத்து என்பது ஸ்டுடியோ கட்டடமோ தியேட்டர்களோ அல்ல. அவரிடம் கையெழுத்துப் போட்டிருந்த நடிகர்களின் ஒப்பந்தங்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்த பலவற்றுக்குக் காரணம் புரியும்.

ஜோன்ஸைக் கண்டுபிடித்ததே அவர்தான் என்பது சரியா?

பாதி சரி. ஜோன்ஸின் பெற்றோர் ஊர் ஊராகக் கூடாரம் போட்டு நாடகம் நடத்தியவர்கள். சிறுவயதிலிருந்தே அவர் மேடையைப் பார்த்து வளர்ந்தவர். நியூயார்க்கில் அமெரிக்கன் அகாடமி ஆஃப் டிராமட்டிக் ஆர்ட்ஸில் முறையாக நடிப்புப் படித்தார். சக மாணவர் ராபர்ட் வாக்கரை 1939 ஜனவரியில் மணந்தார். அதே ஆண்டு ரிபப்ளிக் நிறுவனத்துக்காக ஜான் வெய்னுடன் ஒரு கௌபாய் படத்திலும், 'டிக் ட்ரேசி' தொடர்படம் ஒன்றிலும் சொந்தப் பெயரில் நடித்தார். அவை எடுபடவில்லை. நியூயார்க் திரும்பி இரண்டு ஆண் குழந்தைகளுக்குத் தாயானார்.

1941-ல் செல்ஸ்னிக்கின் நியூயார்க் அலுவலகத்தில் ஒரு பாத்திரத்துக்காகப் படித்துக் காட்டப் போனார். அந்தப் பாத்திரம் கிடைக்கவில்லை, ஏழு ஆண்டு ஒப்பந்தம் கிடைத்தது. 1942 தொடக்கத்தில் பெயரை மாற்றினார்கள். பிறகு ஃபாக்ஸ் நிறுவனத்தின் 'த சாங் ஆஃப் பெர்னடெட்' விளம்பரங்களில் அவர் புத்தம்புது முகம் என்றே சொல்லப்பட்டது. ஏற்கெனவே நடித்த படங்களும், குடும்பமும் பேச்சிலிருந்து ஒதுக்கப்பட்டன. 'கண்டுபிடிப்பு' என்ற கதை அப்படித்தான் தயாரானது.

ஆனால் அந்தப் படத்துக்கு அவர் தேர்வான விதம் வேறு. இயக்குநர் ஹென்றி கிங், மாதாவின் காட்சி தெரிவது போல் பார்க்கச் சொல்லி, கேமராவுக்குப் பின்னால் ஒரு குச்சியை உயர்த்திக் காட்டினாராம். மற்றப் பெண்கள் பார்த்தார்கள், ஜோன்ஸ் ஒருத்திக்குத்தான் அங்கே ஏதோ தெரிந்தது என்று கிங் சொன்னதாகச் செய்தி. அந்தப் பார்வையை எந்தத் தயாரிப்பாளரும் கற்றுக்கொடுக்கவில்லை.

ஏழு ஆண்டு ஒப்பந்தம் என்றால் ஏழு ஆண்டு வேலை உறுதி என்று பொருளா?

இல்லை. பலரும் இங்கேதான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஏழு ஆண்டு கட்டுப்பாடு நடிகைக்கு மட்டும். தயாரிப்பாளர் இடையிடையே குறித்த தேதிகளில் 'தொடரலாமா, வேண்டாமா' என்று தீர்மானிக்கலாம். தொடர்ந்தால் சம்பளம் ஒரு படி ஏறும். வேண்டாம் என்றால் நடிகை வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நடிகைக்கு அப்படி விலகும் உரிமை கிடையாது.

கொடுத்த பாத்திரத்தை மறுத்தால் 'சஸ்பென்ஷன்'. அதாவது சம்பளம் நிற்கும், வேறெங்கும் நடிக்கவும் முடியாது, அதற்கு மேல் அந்த நாட்கள் ஒப்பந்தத்தின் கடைசியில் சேர்க்கப்படும். நான்கு படத்தை மறுத்தவருக்கு ஏழு ஆண்டு எட்டாகிவிடும். இதை எதிர்த்து ஒலிவியா டி ஹாவிலண்ட் வார்னர் பிரதர்ஸ் மீது வழக்குப் போட்டார். 1944 டிசம்பரில் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம், ஏழு ஆண்டு என்றால் நாட்காட்டிப்படி ஏழு ஆண்டுதான், நீட்டிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. மாநில உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. ஹாலிவுட் நடிகர்களுக்கு அதைவிடப் பெரிய சட்ட வெற்றி அந்தக் காலத்தில் வேறில்லை. ஜோன்ஸுக்கு அதனால் பயன் இருந்ததா என்றால், பெரிதாக இல்லை. ஒப்பந்தம் முடிவதற்குள் அவரைப் பிடித்து வைத்திருந்தது வெறும் காகிதம் அல்ல, செல்ஸ்னிக்கோடு ஏற்பட்ட உறவு.

நடிகையை 'வாடகைக்கு விடுவது' எப்படி நடந்தது?

ஒப்பந்தத்திலேயே அதற்கு ஒரு பிரிவு உண்டு. இன்னொரு நிறுவனம் அந்த நடிகையைக் கேட்டால், அவர்கள் தரும் தொகை நடிகைக்குப் போகாது, ஒப்பந்தக்காரருக்குப் போகும். அவர் நடிகைக்கு வழக்கமான வாரச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்வார். செல்ஸ்னிக் இதிலே கைதேர்ந்தவர். இங்க்ரிட் பெர்க்மன், ஜோன் ஃபாண்டெய்ன், ஜோசப் காட்டன் எல்லாரும் அவர் பட்டியலில் இருந்து வெளியே போய் நடித்தவர்களே. சொந்தப் படம் வராத ஆண்டுகளில் அவர் அலுவலகம் ஓடியதற்கு இந்த வருமானம் முக்கியக் காரணம்.

'லவ் லெட்டர்ஸ்' (1945) நல்ல உதாரணம். பாரமவுண்டில் ஹால் வாலிஸ் தயாரித்த படம். நாயகி ஜோன்ஸ், நாயகன் காட்டன், இருவருமே செல்ஸ்னிக்கின் ஆட்கள். ஜோன்ஸுக்கு அந்தப் படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. பெயர் உயர்ந்தால் அடுத்த முறை வாடகையும் உயரும், ஆதாயம் ஒப்பந்தக்காரருக்கு.

'பெர்னடெட்' ஆஸ்கர் இரவில் என்ன விசேஷம்?

விருது கிடைத்தது 1944 மார்ச் 2 அன்று, அவருடைய 25-ஆம் பிறந்தநாளில். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த ஆண்டு போட்டியில் இருந்த ஐந்து நடிகைகளில் ஜோன்ஸ், பெர்க்மன், ஃபாண்டெய்ன் மூவரும் செல்ஸ்னிக்கின் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள். மூன்று படங்களும் மற்ற நிறுவனங்கள் எடுத்தவை.

ராபர்ட் வாக்கருக்கு என்ன ஆனது?

செல்ஸ்னிக் தானே திரைக்கதை எழுதித் தயாரித்த 'சின்ஸ் யூ வெண்ட் அவே' (1944) படத்தில் ஜோன்ஸும் வாக்கரும் காதலர்களாக நடித்தார்கள். அந்தச் சமயத்தில் அவர்கள் மணவாழ்க்கை முறிந்துகொண்டிருந்தது. ரயில் நிலையத்தில், போருக்குப் போகும் வாக்கரின் ரயில் நகர, ஜோன்ஸ் பிளாட்பாரத்தில் கூடவே ஓடும் விடைபெறும் காட்சி புகழ்பெற்றது. அதை இன்று பார்ப்பது எளிதல்ல. 1945-ல் விவாகரத்து. வாக்கர் 1951 ஆகஸ்டில் 32 வயதில் இறந்தார். செல்ஸ்னிக்கும் மனைவி ஐரீனைப் பிரிந்து, 1949 ஜூலையில், இத்தாலியக் கடலோரத்தில் ஒரு படகில் ஜோன்ஸை மணந்தார்.

செல்ஸ்னிக்கின் 'மெமோ' பற்றி எல்லாரும் பேசுகிறார்களே, அது என்ன?

அவர் செயலாளர்களிடம் வாய்மொழியாகச் சொல்லித் தட்டச்சு செய்ய வைத்த குறிப்புகள். சில அரைப் பக்கம், சில பல பக்கம். நள்ளிரவிலும் போகும். இன்று அவருடைய காகிதங்கள் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரான்சம் மையத்தில் ஆயிரக்கணக்கான பெட்டிகளில் இருக்கின்றன.

ஜோன்ஸைப் பொறுத்தவரை மெமோக்கள் தொட்ட விஷயங்கள்: முடி, ஒப்பனை, உடை, விளக்கு, கேமரா எந்தப் பக்கமிருந்து பார்க்கிறது, எத்தனை க்ளோஸ்-அப், வசனம், விளம்பரத்தில் பெயரின் அளவு. சொந்தப் படங்களில் ஒரு தயாரிப்பாளர் இப்படிச் செய்வது அக்கால வழக்கம். ஆனால் தனக்கு ஒரு பைசா பொறுப்பில்லாத மற்றவர் படங்களுக்கும் அவர் அனுப்பினார். மினெல்லி, ஹூஸ்டன், பவல், டி சிக்கா என்று எந்த இயக்குநரும் தப்பவில்லை. இதனால் ஜோன்ஸுக்குத்தான் நேரடி நஷ்டம். அவரை ஒப்பந்தம் செய்தால் கூடவே கணவரும் வருவார் என்ற பேச்சு தயாரிப்பாளர்களிடம் பரவியது. படப்பிடிப்புத் தளத்தில் இயக்குநர் ஒன்று சொல்ல, இரவு வீட்டில் கணவர் வேறொன்று சொல்ல, நடுவில் நிற்கும் நடிகை எதை நம்பி நடிப்பார்?

'டூயல் இன் த சன்' (1946) ஏன் இவ்வளவு சர்ச்சை?

'கான் வித் த விண்ட்' அளவுக்கு இன்னொன்று எடுத்துவிட வேண்டும், அதில் ஜோன்ஸ் நாயகியாக இருக்க வேண்டும் என்பது செல்ஸ்னிக்கின் தீராத ஆசை. திரைக்கதையில் தன் பெயரையே போட்டுக்கொண்டார். 1945-ல் படப்பிடிப்பு தொடங்கியது. தளத்திலேயே வசனத்தை மாற்றிக்கொண்டும் காட்சிகளைத் திரும்பத் திரும்ப எடுக்கச் சொல்லிக்கொண்டும் இருந்ததால், இயக்குநர் கிங் விடோர் பாதியில் விலகினார். மிச்சத்தை வில்லியம் டீட்டர்லேயும் வேறு சிலரும் முடித்தார்கள். திரையில் விடோரின் பெயர் மட்டும். தயாரிப்புச் செலவு 50 லட்சம் டாலரைத் தாண்டியது. விளம்பரத்துக்கு மட்டும் சுமார் 20 லட்சம். வழக்கப்படி ஒவ்வொரு நகரமாகப் போகாமல், ஒரே நேரத்தில் ஏராளமான தியேட்டர்களில் வெளியிட்டார். கெட்ட பேச்சு பரவுவதற்குள் வசூலை அள்ளிவிடும் அந்த முறை பின்னாளில் எல்லாருக்கும் பழக்கமானது.

ஜோன்ஸுக்கு நான்காவது தொடர் ஆண்டாக ஆஸ்கர் பரிந்துரை. ஆனால் முகத்தைக் கறுப்பாக்கி, பூர்வகுடித் தாய்க்குப் பிறந்தவளாக, எப்போதும் ஆசையால் கொதிப்பவளாக அவரை நிறுத்திய விதம் இன்று உறுத்துகிறது. கடைசிக் காட்சியில் சுடப்பட்ட நிலையில் பாறைகள் மேல் கைகளால் உடம்பை இழுத்து ஏறுகிறார். அந்தக் கற்கள் உண்மையானவை, உடம்பில் பட்ட கீறல்களும் உண்மையானவை. நடிகையின் உழைப்பை மதிக்கலாம், படத்தை மன்னிக்க வேண்டியதில்லை.

'போர்ட்ரெய்ட் ஆஃப் ஜென்னி' நல்ல படம்தானே, பிறகு ஏன் தோற்றது?

அருமையான படம். சிறுமியாகத் தோன்றி, ஒவ்வொரு சந்திப்பிலும் வயது கூடிக்கொண்டே போகும் பெண்ணாக ஜோன்ஸ் நடித்தது அவருடைய சிறந்த நடிப்புகளில் ஒன்று. தோல்விக்குக் காரணம் கணக்கு. சின்னதாக, அமைதியாக எடுக்க வேண்டிய காதல் கதை. அதற்கு 40 லட்சம் டாலர் அளவுக்குச் செலவு வைத்தார். காட்சிகளை மாற்றி மாற்றி எடுத்தார். இறுதிப் புயல் காட்சிக்குப் பச்சைச் சாயம், கடைசியில் ஓவியம் மட்டும் டெக்னிகலர் வண்ணத்தில். சிறப்புக் காட்சிகளுக்கான ஆஸ்கர் வந்தது, போட்ட பணம் வரவில்லை. இதற்குப் பிறகு செல்ஸ்னிக் ஹாலிவுட்டில் தனியாகப் பெரிய படம் எடுக்கும் நிலையில் இல்லை. ஐரோப்பியக் கூட்டாளிகளைத் தேடினார்.

'கான் டு எர்த்'தும் 'த வைல்ட் ஹார்ட்'டும் ஒரே படமா?

ஒரே படப்பிடிப்பு, இரண்டு படங்கள். எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும்.

1949-ல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் மைக்கேல் பவலும் எமரிக் பிரெஸ்பர்கரும் இயக்கியது. அலெக்சாண்டர் கோர்டாவும் செல்ஸ்னிக்கும் கூட்டு. ஜோன்ஸின் பாத்திரம் ஹேசல், ஒரு நரிக்குட்டியை வளர்க்கும் நாட்டுப்புறப் பெண். படம் முடிந்ததும், மூல நாவலை விட்டு விலகிவிட்டார்கள் என்று செல்ஸ்னிக் லண்டனில் வழக்குப் போட்டார், தோற்றார். ஆனால் அமெரிக்க வெளியீட்டை மாற்றும் உரிமை ஒப்பந்தப்படி அவருக்கு இருந்தது. ரூபன் மமூலியனை வைத்து ஹாலிவுட்டில் புதுக் காட்சிகளும் ஜோன்ஸின் க்ளோஸ்-அப்களும் எடுத்து, காட்டன் குரலில் வர்ணனை சேர்த்து, 1952-ல் 'த வைல்ட் ஹார்ட்' என்று வெளியிட்டார்.

அடையாளம் காண எளிய வழி: மூலப் படம் 110 நிமிடம், மாற்றியது 82 நிமிடம். தொடக்கத்தில் ஓர் ஆண் குரல் கதையை விளக்கினால் அது மாற்றப்பட்டது. தலைப்பை மட்டும் நம்பக் கூடாது, ஓடும் நேரத்தைப் பாருங்கள். மூலப் படத்தைப் பிரிட்டிஷ் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1985-ல் மீட்டெடுத்தது.

என்ன கெட்டது? மூலத்தில் ஹேசல் நிலத்தோடு சேர்ந்தவள். காற்று, குன்று, கைவிடப்பட்ட சுரங்கக் குழி, கையில் நரிக்குட்டி எல்லாம் ஒரே சட்டகத்தில் இருக்கும். க்ளோஸ்-அப் புகுத்தப்பட்டதும் அவள் நிலத்திலிருந்து பிடுங்கப்பட்டு ஒரு நட்சத்திரத்தின் முகமாக நிற்கிறாள். மனைவியின் முகம் போதுமான அளவு தெரியவில்லை என்று நினைத்தவர், அவருடைய மிகச் சிறந்த நடிப்பைத் தானே சிதைத்தார்.

டி சிக்காவின் ரோம் படத்திலும் இதேதானா?

அதேதான், இன்னும் குறுக்கலாக. ரோமின் டெர்மினி ரயில் நிலையத்தில், பயணிகள் குறைந்த இரவு நேரங்களில் படம்பிடித்தார்கள். மாண்ட்கோமரி கிளிஃப்ட் நாயகன். செல்ஸ்னிக் ஆங்கிலத்தில் நீண்ட கடிதங்களாக அனுப்பிக்கொண்டிருந்தார். டி சிக்காவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஜோன்ஸின் க்ளோஸ்-அப்களுக்கென்று ஆஸ்வால்ட் மாரிஸ் என்ற வேறு ஒளிப்பதிவாளரை செல்ஸ்னிக் கொண்டுவந்தார். டி சிக்காவின் படம் சுமார் 89 நிமிடம். அமெரிக்காவில் வந்தது 'இன்டிஸ்கிரிஷன் ஆஃப் ஆன் அமெரிக்கன் வைஃப்' என்ற தலைப்பில் சுமார் 63 நிமிடம். முழுநீளப் படம் என்று காட்ட நீளம் போதாததால், முன்னால் பாட்டி பேஜ் பாடும் இரண்டு பாடல்களை ஒட்டினார்கள். வெட்டுப்பட்டது பெரும்பாலும் நிலையத்துக்கு வந்துபோகும் சாதாரண மக்கள். அவர்கள் இல்லாமல் அது டி சிக்கா படமே அல்ல.

செல்ஸ்னிக்கின் கை அதிகம் படாத படங்கள் எவை?

முதலில் சொல்ல வேண்டியது லூபிட்ச் இயக்கிய 'குளூனி பிரவுன்' (1946). மாமா பிளம்பராக இருக்கும் பெண்ணாக வந்து, விருந்து தொடங்குமுன் ஒருவர் வீட்டில் அடைத்துக்கொண்ட தொட்டிக் குழாயைச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்கிறார். பிறகு ஒரு கோப்பை குடித்துவிட்டு, சோபாவில் பூனை போல் நெளிகிறார். இவருக்கு நகைச்சுவை இவ்வளவு இயல்பாக வரும் என்பதை அந்த ஐந்து நிமிடம் காட்டிவிடும். அதற்குப் பிறகு அப்படிப்பட்ட பாத்திரம் அவருக்கு ஏழு ஆண்டுகள் வரவில்லை. 1953-ல் ஹூஸ்டனின் 'பீட் த டெவில்' வந்தது, பொன்னிற விக்கோடு பொய் மேல் பொய் சொல்லும் பெண்ணாக. நடுவே, தியாகமும் தவிப்பும் நிறைந்த நாயகிகளே அவருக்கு ஏற்றவர்கள் என்று செல்ஸ்னிக் முடிவுகட்டியிருந்தார். எங்கள் கணிப்பில் அவர் செய்த பிழைகளில் இதுவே பெரியது.

செல்ஸ்னிக் இல்லாவிட்டால் அவர் நட்சத்திரமே ஆகியிருக்க மாட்டார் என்கிறார்களே?

'பெர்னடெட்' வாய்ப்பு, தொடர்ந்து நல்ல இயக்குநர்கள், அவசரப்படாமல் தேர்ந்தெடுத்த படங்கள், இவற்றில் செல்ஸ்னிக்கின் பங்கை மறுக்க முடியாது. ஜோன்ஸ் மிகுந்த கூச்சம் உள்ளவர், பேட்டி என்றாலே ஒதுங்குபவர். முடிவுகளை இன்னொருவர் எடுப்பது அவருக்குப் பாதுகாப்பாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அவர் அதிகம் மதிக்கப்படும் நடிப்புகள், செல்ஸ்னிக்கின் பேனாவிலிருந்து தூரத்தில் நின்றவை. 1955-ல் ஃபாக்ஸ் எடுத்த 'லவ் இஸ் எ மெனி-ஸ்ப்ளெண்டர்ட் திங்'தான் ஐந்தாவது பரிந்துரையையும் பெரிய வசூலையும் தந்தது. அதுவும் செல்ஸ்னிக் தயாரிப்பல்ல. அதிலும் ஐரோப்பிய-ஆசியப் பெண்ணாக ஒப்பனை போட்டு நடித்தார் என்ற குறை உண்டு.

'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' (1957) எப்படி செல்ஸ்னிக்கின் கடைசிப் படமானது?

இந்தக் கதையின் உரிமை வார்னரிடம் இருந்தது. தன் பழைய 'எ ஸ்டார் இஸ் பார்ன்' படத்தின் வெளிநாட்டு உரிமையைக் கொடுத்து அதை வாங்கினார். இயக்குநர் ஹூஸ்டன். படப்பிடிப்பு தொடங்குமுன் நீண்ட மெமோ ஒன்று போனது, ஹூஸ்டன் விலகினார். சார்லஸ் விடோர் வந்தார். இளம் செவிலியாக நடித்த ஜோன்ஸுக்கு வயது 38, நாயகன் ராக் ஹட்சன் அவரைவிட இளையவர். விமர்சகர்கள் அதைக் குத்திக்காட்டினார்கள். செல்ஸ்னிக் அதற்குப் பிறகு எதுவும் தயாரிக்கவில்லை. படத்துக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கர் பரிந்துரை துணை நடிகருக்கு. பெற்றவர் ரோமில் இவரோடு மல்லுக்கட்டிய அதே டி சிக்கா.

1965-க்குப் பிறகு?

ஜூன் 22 அன்று செல்ஸ்னிக் மாரடைப்பில் இறந்தார். ஜோன்ஸ் மிகச் சில படங்களிலேயே நடித்தார்; கடைசி 'த டவரிங் இன்ஃபெர்னோ' (1974). 1967-ல் தற்கொலைக்கு முயன்று காப்பாற்றப்பட்டார். மகள் மேரி ஜெனிஃபர் 1976-ல் தற்கொலை செய்துகொண்டார். அதன் பிறகு 1980-ல் மனநலத்துக்கென்று ஓர் அறக்கட்டளை தொடங்கினார். மனநலம் பற்றி வெளியே பேசவே தயங்கிய காலத்தில் அவர் செய்த அந்த வேலைக்குப் படங்களுக்குத் தரும் மரியாதையைத் தர வேண்டும்.

தமிழ்நாட்டோடு அவருக்குத் தொடர்பு உண்டா?

உண்டு, சுற்றுவழியில். 1971-ல் தொழிலதிபர் நார்ட்டன் சைமனை மணந்தார். அந்த ஆண்டு இருவரும் இந்தியா வந்த பயணத்தில்தான் சைமனுக்கு இந்தியச் சிற்பங்கள் மீது ஈடுபாடு பிறந்தது. 1973-ல் அவர் வாங்கியவற்றில் ஒன்று, கும்பகோணம் அருகே சிவபுரம் கோயிலின் சோழர் கால நடராசர். பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் போலி செய்து மாற்றப்பட்டு வெளியே கடத்தப்பட்ட சிலை அது. இந்திய அரசு வழக்குத் தொடுத்தது. 1976-ல் சமரசம் ஏற்பட்டு, பத்தாண்டு சைமனிடம் இருந்த பிறகு 1986-ல் சிலை திரும்பியது. சைமனின் பசடேனா அருங்காட்சியகத்தைப் பின்னாளில் ஜோன்ஸ் தலைமையேற்று நடத்தினார். 1990-களின் இறுதியில் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரியை வைத்து அதன் காட்சிக்கூடங்களைப் புதுப்பித்ததும் அவர் காலத்தில்தான்.

எந்த வரிசையில் பார்க்கலாம்?

'குளூனி பிரவுன்' முதலில். அடுத்து 'கான் டு எர்த்', 110 நிமிடப் பதிப்பு மட்டும். பிறகு 'போர்ட்ரெய்ட் ஆஃப் ஜென்னி'. கடைசிப் பகுதியில் பச்சை நிறமும் முடிவில் வண்ணமும் இல்லாத பிரதி என்றால் அது முழுமையானதல்ல, வேறு தேடுங்கள். வில்லியம் வைலரின் 'கேரி' (1952) நான்காவது. 'பெர்னடெட்' இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும், விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். டெர்மினி படத்தின் இரண்டு பதிப்பும் கிடைத்தால், நீண்டதை முதலில் பார்த்துவிட்டு மறுநாள் குறுகியதைப் பாருங்கள். 'டூயல் இன் த சன்' கடைசியில் போதும்.